சம்மதம் சொன்ன பிறகு

1469 செப்டம்பரில், இங்கிலாந்தின் நாரிச் நகரத்து ஆயர் ஓர் இளம்பெண்ணை விசாரணைக்கு அழைத்தார். மார்ஜரி பாஸ்டன் என்பது அவர் பெயர். நார்ஃபோக் வட்டாரத்தில் ஓரிரு தலைமுறைக்குள் நிலபுலனும் செல்வாக்கும் சேர்த்துக்கொண்ட குடும்பம் அவருடையது. அந்தக் குடும்பத்தின் சொத்துகளைக் கவனித்துவந்த காரியஸ்தர் ரிச்சர்ட் காலும் மார்ஜரியும் வீட்டில் யாருக்கும் சொல்லாமல் ஒருவருக்கொருவர் மணவாக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ரிச்சர்டின் உறவுக்காரர்கள் கடை வைத்துப் பிழைப்பவர்கள். என் தங்கை ஃப்ராம்லிங்கத்தில் மெழுகுவத்தியும் கடுகும் விற்க நான் ஒருநாளும் இசையமாட்டேன் என்று அண்ணன் ஒருவர் கடிதம் எழுதினார். இதில் ஆயர் அறிய விரும்பியது ஒன்றுதான்: ரிச்சர்டிடம் நீ சொன்ன வார்த்தைகள் சரியாக என்னென்ன? மார்ஜரி சொன்னார். அந்த வார்த்தைகள் போதாது என்றால், இங்கிருந்து போவதற்கு முன்பே போதுமான வார்த்தைகளைச் சொல்லிவிட்டுப் போகிறேன் என்றும் சேர்த்துக்கொண்டார். அம்மா வீட்டுக் கதவை அடைத்தார். ஆனால் கல்யாணத்தை உடைக்க யாராலும் முடியவில்லை.

சொத்தும் செல்வாக்கும் உள்ள குடும்பம் ஒரு பெண்ணின் சொல்லிடம் தோற்றது எப்படி? விடை திருச்சபைச் சட்டத்தில் இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் கிரேஷியன் என்ற சட்ட அறிஞர் தொகுத்த நூலும், அதன் பின் திருத்தந்தை மூன்றாம் அலெக்சாண்டர் அளித்த தீர்ப்புகளும் ஒரு கோட்பாட்டை நிலைநிறுத்தின. கல்யாணத்தை உண்டாக்குவது பெற்றோரோ பாதிரியாரோ சீர்வரிசையோ அல்ல, இருவரின் சம்மதம் மட்டுமே. பெண்ணுக்கு 12 வயதும் ஆணுக்கு 14 வயதும் ஆகியிருந்தால் போதும். ‘ஏற்கிறேன்’ என்று நிகழ்காலத்தில் சொன்னால் அந்த நொடியே கல்யாணம். ‘ஏற்பேன்’ என்று எதிர்காலத்தில் சொன்னால் அது நிச்சயதார்த்தம். அதன் பிறகு இருவரும் கூடினால் அதுவும் கல்யாணமே. 1215இல் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம், கோயிலில் ஓலை வாசித்து ஊரறியக் கல்யாணம் செய்ய வேண்டும் என்று கட்டளையிட்டது. ஆனாலும் ரகசியமாக முடித்த கல்யாணம் குற்றமாகுமே தவிர, செல்லாததாகாது. ஆயர் வினைச்சொல்லின் காலத்தைத் துருவியது இதனால்தான். ஆனால் இங்கிலாந்தில் இன்னொரு சட்டமும் இருந்தது. நாட்டின் பொதுச் சட்டப்படி கணவனும் மனைவியும் ஒரே ஆள். அந்த ஒரே ஆள் கணவன். அவளுடைய அசையும் பொருள் அவனுடையது, அவள் நிலத்தின் நிர்வாகமும் அவனுடையது. அவன் அனுமதியின்றி அவள் உயில் எழுத முடியாது, தனியாக வழக்காட முடியாது. கணவன் இறந்தால்தான் அவள் மறுபடி சட்டத்தின் கண்ணில் ஆளாகிறாள்: அவன் நிலத்தில் மூன்றிலொரு பங்கை ஆயுள்வரை அனுபவிக்கலாம். மறுமணத்துக்கு அவளைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 1215ஆம் ஆண்டின் மாக்னா கார்ட்டாவும் சொன்னது.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு விசித்திரம் தெரியும். ஒரு சட்டம் பெண்ணின் சொல்லுக்கு உச்ச மதிப்புக் கொடுக்கிறது. அந்தச் சொல் வாயைவிட்டு வெளியே வந்ததுமே இன்னொரு சட்டம் அவள் குரலைக் கணவனுக்குள் கரைத்துவிடுகிறது. இடைக்கால ஆங்கில இலக்கியத்தில் பெண்கள் எப்படிக் காட்டப்பட்டார்கள் என்று கேட்டால், வழக்கமாக வரும் விடை இரட்டைப் பட்டியல்: ஒரு பக்கம் மரியாள் போன்ற புனிதவதிகள், மறுபக்கம் ஏவாள் போன்ற சூழ்ச்சிக்காரிகளும் வாயாடிகளும். பட்டியல் பொய்யல்ல. ஆனால் இந்தப் பாத்திரங்களைச் சுற்றி ஏன் இவ்வளவு கதைகள் பிறந்தன என்பதை அது விளக்குவதில்லை. அந்தக் காலத்துக் கதைகளைத் தூண்டியது பெண் நல்லவளா கெட்டவளா என்ற கேள்வியைவிட, சம்மதம் சொன்ன பிறகு அவள் சொல் என்ன ஆகிறது என்ற கேள்விதான். சட்டம் அவிழ்க்காமல் விட்ட அந்த முடிச்சைக் கதைகள் திரும்பத் திரும்பக் கையில் எடுத்தன.

சம்மதக் கோட்பாடு வேரூன்றும் முன்பு நிலைமை எப்படி இருந்தது என்பதற்குப் பழைய ஆங்கிலப் பாடல்கள் சாட்சி. பகைகொண்ட இரண்டு குலங்களுக்கு இடையே சமாதானத்துக்காகக் கட்டிக்கொடுக்கப்படும் பெண்ணை அந்த மொழி ‘சமாதானம் நெய்பவள்’ என்று அழைத்தது. சொல் அழகானது; தறி அறுந்துகொண்டே இருந்தது. கி.பி. 1000 வாக்கில் எழுதப்பட்ட சுவடியில் கிடைத்த ‘பேயோவுல்ஃப்’ காவியத்தில் ஹில்டபர் என்ற டேனிய இளவரசி ஃப்ரீசிய அரசனுக்கு மனைவியாகிறாள். சண்டை மூள்கிறது. ஒரு பக்கம் நின்ற அண்ணனும் மறுபக்கம் நின்ற மகனும் சாகிறார்கள். இருவரையும் ஒரே சிதையில் வைக்கச் சொல்வது அவள். பிறகு கணவனும் கொல்லப்படுகிறான், அவளைப் பிறந்த நாட்டுக்குக் கப்பலில் கொண்டுபோகிறார்கள். இவ்வளவு நடந்தும் அவள் வாய்திறந்து பேசும் ஒரு வரிகூடக் காவியத்தில் இல்லை. இதே நூலில் இன்னொரு இளவரசியின் கல்யாணப் பேச்சைக் கேள்விப்படும் நாயகன், இந்தச் சமாதானம் நிலைக்காது, பெண் எவ்வளவு நல்லவளாக இருந்தாலும் ஈட்டி ஓயாது என்று கணித்துச் சொல்கிறான். எக்ஸிடர் பேராலயத்தில் உள்ள 10ஆம் நூற்றாண்டுச் சுவடி ஒன்றில் மட்டும், கணவனின் சுற்றத்தார் செய்த சூழ்ச்சியால் ஒரு மரத்தடி மண்குழியில் தனித்து விடப்பட்ட மனைவி தன் வாயால் பேசுகிறாள். அவளுக்குப் பெயரில்லை, பேசுவது பெண் என்பதே சொற்களின் பெண்பால் விகுதியால்தான் தெரிகிறது. அந்த உலகத்தில் மனைவியின் குரலுக்குக் கிடைத்த இடம் புலம்பல் ஒன்றுதான்.

13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காட்சி மாறுகிறது. சம்மதம் கேட்க வேண்டும் என்றால் மறுக்கவும் இடம் உண்டு என்று பொருள். அந்த மறுப்பைத் தூண்டவே எழுதப்பட்டது ‘புனிதக் கன்னிமை’ என்ற உரைநடை நூல். பெயர் தெரியாத ஒரு சமயப் போதகர், கன்னிப்பெண்கள் கல்யாணத்தைத் தவிர்த்து இறைப்பணிக்கு வர வேண்டும் என்று வாதாடுகிறார். அதற்காக அவர் காட்டும் ஒரு காட்சி மோட்சமோ நரகமோ அல்ல, ஒரு சமையலறை. மனைவி வீட்டுக்குள் நுழைகிறாள்: குழந்தை வீரிடுகிறது, பூனை பன்றியிறைச்சியில் வாய்வைக்கிறது, நாய் தோலைக் கடிக்கிறது, கல்லில் போட்ட ரொட்டி கருகுகிறது, கன்று பாலை ஊட்டிவிடுகிறது, பானை பொங்கி அடுப்பை அணைக்கிறது, கணவன் கத்துகிறான். எழுதியவரின் நோக்கம் பெண்ணுரிமை அல்ல. உடலைக் குறித்த அருவருப்பே நூலெங்கும் தெரிகிறது. ஆனாலும் ‘வேண்டாம்’ என்று சொல்லக்கூடிய ஒருத்தியிடம் பேச நேர்ந்ததால், கல்யாணம் என்பது ஒரு பெண்ணின் அன்றாடத்தில் என்னவாக இருக்கும் என்பதை அவர் பார்த்தாக வேண்டியிருந்தது. மறுக்க முடியாதவளிடம் இப்படி வாதாட வேண்டிய தேவையே வந்திருக்காது.

இந்த முடிச்சை மிக ஆழமாக ஆராய்ந்தவர் ஜெஃப்ரி சாசர். 1387 வாக்கில் அவர் தொடங்கி, 1400இல் இறக்கும்போது முடிக்காமல் விட்ட ‘கேன்டர்பரி கதைகள்’, யாத்திரை போகும் ஒரு கும்பல் வழியில் சொல்லும் கதைகளின் தொகுப்பு. அதில் சில கதைகள் கல்யாணத்தைப் பற்றி ஒன்றுக்கொன்று பதில் சொல்கின்றன என்று ஜார்ஜ் லைமன் கிட்ரெட்ஜ் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1912இல் எழுதினார். கணவன் மனைவி இருவரில் யாருக்கு ஆட்சி என்பதே விவாதம் என்றார் அவர். சரிதான், ஆனால் அந்தக் கதைகள் ஒவ்வொன்றும் ஒரு வாக்கில்தான் போய் முட்டுகின்றன. ஆக்ஸ்ஃபோர்டு படிப்பாளி சொல்லும் கிரிசெல்டா கதையைப் பாருங்கள். ‘கல்லானாலும் கணவன்’ ரகக் கதை என்று தள்ளிவிடத் தோன்றும். சலுட்சோ நாட்டுப் பிரபு வால்டர் ஓர் ஏழையின் மகளை மணக்கிறான். அவன் அவளைத் தூக்கிப் போகவில்லை; குடிசைக்கு வந்து, அப்பா முன்னிலையில், முறைப்படி சம்மதம் கேட்கிறான். கூடவே ஒரு நிபந்தனை: நான் என்ன செய்தாலும் இரவும் பகலும் நீ முணுமுணுக்கக் கூடாது, முகம்கூடச் சுளிக்கக் கூடாது. அவள் வாக்குக் கொடுக்கிறாள். பிறகு மகளைக் கொல்லப்போவதாக எண்ணவைத்து எடுத்துக்கொள்கிறான், மகனையும் எடுத்துக்கொள்கிறான், கடைசியில் உள்ளாடையோடு அவளை அப்பா வீட்டுக்கு அனுப்புகிறான். எல்லாம் பொறுமையைச் சோதிக்க. பிற்பாடு குழந்தைகள் உயிரோடு திரும்பி வருகிறார்கள். பொக்காச்சியோ இத்தாலிய மொழியில் எழுதி, பெட்ரார்க் லத்தீனில் மாற்றிய இந்தக் கதையை எடுத்த சாசர், இந்தச் சோதனைக்கு என்ன தேவை என்று வால்டரை நடுநடுவே குட்டும் வரிகளைத் தாமாகச் சேர்த்தார். முடிவில், மனைவிமார் இவளைப் பின்பற்ற வேண்டும் என்பதற்காக நான் இதைச் சொல்லவில்லை என்று படிப்பாளியே சொல்கிறான். கிரிசெல்டாவும் செத்தாள், அவள் பொறுமையும் செத்தது என்ற கிண்டல் பாட்டோடு கதை முடிகிறது. ஒரே ஒரு ‘சரி’ அதற்குப் பிறகு வர வேண்டிய எல்லாச் சொற்களையும் விழுங்கிவிட்டால் அது எவ்வளவு கொடுமை என்பதை இதைவிடக் கடுமையாகக் காட்டுவது கடினம்.

எதிர்முனையில் நிற்பவள் பாத் நகரத்து ஆலிசன். கிரிசெல்டா ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டவள் என்றால், இவள் நிறுத்தவே தெரியாதவள். இவளுடைய முன்னுரை மட்டும் 800 வரிகளைத் தாண்டுகிறது. அதன் பிறகு வரும் கதை அதில் பாதிதான். பன்னிரண்டு வயதில் தொடங்கிக் கோயில் வாசலில் ஐந்து பேரைக் கைப்பிடித்தவள். கோயில் வாசல் என்பது வெறும் அலங்காரமல்ல. கணவன் இறந்தால் மனைவிக்கு உரிய நிலப்பங்கை ஊரறிய அறிவிக்கும் இடம் அது. முதல் மூன்று கிழவர்களும் விட்டுச்சென்ற சொத்துதான் அவளுடைய பலம். ஆனால் நாற்பது வயதில், தன் வயதில் பாதியே ஆன ஜான்கினைக் காதலித்து மணந்தபோது, நிலத்தையும் பொருளையும் அவன் கையில் கொடுத்துவிட்டுப் பிறகு வருந்துகிறாள். அவனோ இரவுதோறும் கெட்ட மனைவிமார் கதைகளைத் தொகுத்த ஒரு புத்தகத்திலிருந்து அவளுக்குப் படித்துக் காட்டுகிறான். ஒருநாள் பொறுக்காமல் மூன்று ஏடுகளைக் கிழிக்கிறாள்; அவன் அடித்த அடியில் அவளுக்கு ஒரு காது செவிடாகிறது. சமரசத்தில் வீட்டையும் நிலத்தையும் அவன் நாவையும் கையையும் ஆளும் உரிமை அவளுக்குத் திரும்புகிறது. புத்தகம் நெருப்புக்குப் போகிறது. மனிதன் சிங்கத்தைக் கொல்லும் ஓவியத்தை வரைந்தது யார் என்ற பழைய நீதிக்கதைக் கேள்வியை நினைவூட்டி, படித்த ஆண்கள் எழுதியதைப் போலப் பெண்கள் எழுதியிருந்தால் ஆண்களின் அக்கிரமங்களுக்குக் கணக்கே இருக்காது என்று அவள் வாதாடுகிறாள்.

அவள் சொல்லும் கதையும் சம்மதத்தைச் சுற்றியே சுழல்கிறது. ஆர்தர் அரசவை வீரன் ஒருவன் தனியே நடந்துபோன பெண்ணைப் பலாத்காரம் செய்கிறான். பெண்கள் உண்மையில் விரும்புவது என்ன என்று ஓராண்டும் ஒரு நாளும் கழிவதற்குள் கண்டுபிடித்து வந்தால் தலை தப்பும் என்கிறாள் அரசி. விடையைச் சொல்லிக்கொடுத்த கிழவி கைம்மாறாகத் தன்னை மணக்கச் சொல்கிறாள். சம்மதத்தைப் பறித்தவன் தன் சம்மதமின்றி மணவறையில் நிற்கிறான். இதைவிடப் பொருத்தமான தண்டனை இருக்க முடியாது. அவலட்சணமும் பத்தினித்தனமும் வேண்டுமா, அழகும் ஆபத்தும் வேண்டுமா என்று அவள் கேட்க, முடிவை அவளிடமே விடுகிறான். அவள் அழகும் பத்தினித்தனமும் சேர்ந்தவளாகிறாள். ஆனால் கதையில் ஒரு ஓட்டை இருக்கிறது. முதலில் சிதைக்கப்பட்ட அந்தப் பெண் அதன் பிறகு வருவதேயில்லை. நிலக்கிழார் சொல்லும் கதையிலும் இதே ஓட்டை. அங்கே டோரிஜெனும் கணவனும் ஒருவரை ஒருவர் ஆளாமல் வாழ ஒப்பந்தம் செய்துகொள்கிறார்கள். தன்னைத் துரத்தும் ஓர் இளைஞனிடம், பிரிட்டனிக் கடற்கரைப் பாறைகள் எல்லாவற்றையும் அகற்றினால் உன்னை நேசிக்கிறேன் என்று அவள் விளையாட்டாகச் சொல்லிவைக்கிறாள். மந்திரவாதி ஒருவன் பாறைகளை மறைத்ததும், சொன்ன சொல்லைக் காப்பாற்று என்று கணவனே அழுதுகொண்டு அவளை அனுப்புகிறான். இளைஞன் மனமிரங்கி அவளை விடுவிக்கிறான், மந்திரவாதி கூலியை விட்டுக்கொடுக்கிறான். இவர்களில் பெருந்தன்மை மிக்கவர் யார் என்ற கேள்வியோடு கதை முடிகிறது. போட்டியில் நிற்பவர்கள் கணவன், இளைஞன், மந்திரவாதி. கொடுக்கப்பட இருந்தவள் அந்தப் பட்டியலில் இல்லை. பெண்ணின் சொல்லுக்கு மதிப்பு உண்டு, ஆனால் அதன் பலனை ஆண்கள் தங்களுக்குள் பரிமாறிக்கொள்கிறார்கள் என்பது இங்கே வெட்டவெளிச்சமாகிறது. வணிகன் சொல்லும் கதையில் அறுபது வயதுக் கிழவனுக்கு மனைவியாகும் மே என்ற இளம்பெண்ணுக்கு எழுதிவைத்த பத்திரங்கள் உண்டு, விருந்து உண்டு. முதலிரவில் அவள் மனத்தில் ஓடியது என்னவென்று கடவுளுக்குத்தான் வெளிச்சம் என்று கதைசொல்லி நகர்ந்துவிடுகிறான்.

படித்தவர்கள் வட்டத்துக்கு வெளியேயும் இதே கேள்வி உலவியது. யார்க் நகரத்தில் தொழிற்குழுக்கள் தெருவில் நடத்திய விவிலிய நாடகங்களில், வெள்ளக் காட்சி மீனவர்களுக்கும் மாலுமிகளுக்கும் உரியது. அதில் நோவாவின் மனைவி பேழைக்குள் ஏற மறுக்கிறாள். சிரிக்கவைக்கும் அடாவடி மனைவி என்றே அவளைச் சொல்வது வழக்கம். ஆனால் அவளுடைய வாதத்தைக் கேளுங்கள்: நூறு வருஷமாக இதைக் கட்டியிருக்கிறீர், என்னிடம் ஒரு வார்த்தை சொன்னீரா? மூழ்கப்போகும் தன் உற்றாருக்காக அவள் வருந்துகிறாள். உலகமே அழியப்போகும் செய்தியை வீட்டுக்காரிக்குச் சொல்லத் தோன்றாத கணவனைப் பார்த்துக் கூட்டம் சிரித்திருக்கும். சிரிப்புக்குள் அவள் கேள்வியும் காதில் விழுந்திருக்கும்.

இங்கே எழும் முதல் ஆட்சேபம், சம்மதக் கோட்பாடு வெறும் ஏட்டுச்சுரைக்காய் என்பது. மார்ஜரியின் அத்தை எலிசபெத்தையே சான்றாகக் காட்டலாம். 1449 வாக்கில், நோயால் முகம் விகாரமான, ஐம்பது வயதை ஒட்டிய ஸ்டீபன் ஸ்க்ரோப்பை மணக்க மறுத்ததற்காக அவரை அவருடைய அம்மா அடைத்துவைத்தார். வாரத்தில் ஓரிரு முறை, சில நாள்களில் இரண்டு தடவைகூட அடி விழுகிறது, தலை இரண்டு மூன்று இடங்களில் உடைந்திருக்கிறது என்று ஓர் உறவுக்காரப் பெண் கடிதத்தில் எழுதினார். ஆனால் அந்தச் சான்றைத் திருப்பிப் பார்க்க வேண்டும். எதற்காக இத்தனை அடி? அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வராமல் காரியம் நடக்காது என்பதால்தானே? மதிப்பில்லாத சம்மதத்தை யாரும் அடித்துப் பிடுங்க மாட்டார்கள். எலிசபெத் கடைசிவரை ஸ்க்ரோப்பை மணக்கவில்லை. ஏறத்தாழப் பத்தாண்டுகள் கழித்து வேறொருவரை மணந்தார். கோட்பாடு அவரைக் காப்பாற்றியது என்று சொல்ல முடியாது. அவர் பற்றிக்கொண்டு நிற்க ஒரு பிடியைக் கொடுத்தது என்று சொல்லலாம்.

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் கனமானது. ஆலிசன் ஒரு ஆணின் கற்பனை. அவள் வாதங்களில் பலவும், 4ஆம் நூற்றாண்டில் புனித ஜெரோம் கல்யாணத்தைத் தாழ்த்தி எழுதிய நூலிலிருந்து எடுத்துத் திருப்பிப் போடப்பட்டவை. நோவாவின் மனைவியாக வேடம் கட்டியவனும் ஆண்தான். அப்படியிருக்க இவற்றில் பெண்குரலைத் தேடுவது நம் காலத்து ஆசையை அந்தக் காலத்தின் மேல் சுமத்துவதாகாதா? ஆலிசனைப் பெண்விடுதலைப் போராளி ஆக்கினால் நிச்சயம் அப்படித்தான் ஆகும். அவள் கதையின் முடிவில்கூட, ஆட்சியைப் பெற்ற மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிந்தே வாழ்கிறாள். ஆனால் இந்தக் கதைகளைப் பெண்களின் மனத்துக்குச் சாட்சியாக நான் காட்டவில்லை. ஒரு சமூகத்தால் தீர்க்க முடியாத கேள்வி எது என்பதற்கே காட்டுகிறேன். அதே கேள்வியைக் கற்பனையல்லாத பெண்களிடமும் காண்கிறோம். பிஷப்ஸ் லின் நகரத்து மார்ஜரி கெம்ப் எழுதத் தெரியாதவர். தன் வாழ்க்கையைச் சொல்லி எழுதவைத்தார். ஆங்கிலத்தின் முதல் தன்வரலாறு என்று பலரும் கருதும் அந்த நூலின் சுவடி 1934இல்தான் அடையாளம் காணப்பட்டது. பதினான்கு பிள்ளைகள் பெற்ற பிறகு, தாம்பத்தியம் போதும் என்று அவர் கணவனிடம் கேட்கிறார். 1413 கோடையில் யார்க்கிலிருந்து திரும்பும் வழியில் பேரம் நடக்கிறது: கணவனின் கடனை அவர் அடைக்க வேண்டும், வெள்ளிக்கிழமை விரதத்தை விட்டு அவனோடு சேர்ந்து சாப்பிட வேண்டும், பதிலுக்கு அவன் அவரைத் தொட மாட்டான். கல்யாணத்தன்று கொடுத்த சம்மதத்தை, ஏறத்தாழ இருபதாண்டுகள் கழிந்த பின் காசு கொடுத்துத் திருப்பி வாங்குகிறார் ஒரு மனைவி. சாசர் இதை எழுதியிருந்தால் மிகைப்படுத்தல் என்போம்.

பெண்ணின் சொல் ஆணின் கை வழியாகவோ பிறர் கை வழியாகவோதான் நமக்கு வருகிறது என்பது உண்மை. கெம்பின் சொல்லையும் எழுதியவர்கள் வேறு ஆட்கள்தான். மார்ஜரி பாஸ்டன் ஆயரிடம் பேசியது நமக்கு எப்படித் தெரியும்? அந்தச் சொற்களைக் கடிதத்தில் எழுதிவைத்தவர், அதே மகளுக்குக் கதவடைத்த அம்மா மார்கரெட் பாஸ்டன். மகளின் துணிச்சலைக் குற்றமாகப் பதியவே அவர் எழுதினார். துணிச்சலும் சேர்ந்து பதிவாகிவிட்டது. புத்தகத்துக்காக அடிபட்ட ஆலிசனின் வாதம் ஒரு ஆணின் புத்தகத்திலேயே தங்கிவிட்டதும் இப்படித்தான். ரிச்சர்ட் கால் அந்தக் குடும்பத்துக்கே மறுபடி கணக்கு எழுதினார். 1482இல் மார்கரெட் எழுதிய உயிலில், மார்ஜரி பெற்ற பேரனுக்கு 20 பவுண்டு ஒதுக்கியிருந்தார். கடிதத்தில் ஒப்புக்கொள்ளாத கல்யாணத்துக்கு உயிலில் ஒரு வரி கிடைத்துவிட்டது.